வேர்டில் கணக்கு தட்டும்போது சறுக்கும் இடங்கள்

வினாத்தாள் தட்டும் கணக்கு ஆசிரியர்கள் அதிகம் தடுக்கி விழுவது பெருக்கல் குறியில்தான். விசைப்பலகையில் × கிடையாது, ஆங்கில எக்ஸ் கையருகே இருக்கிறது. அதையே போட்டுவிடுகிறார்கள். இயற்கணிதக் கேள்வியில் இரண்டு எக்ஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எது குறி, எது மாறி என்று பிள்ளைகள் ஊகிக்க வேண்டியதுதான். இது கணினி கொண்டுவந்த வம்பு இல்லை. 1698-இல் சக கணித அறிஞர் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் கணித மேதை லைப்னிட்ஸே இந்தக் குழப்பத்தைச் சொல்லி, × தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். அவர் புள்ளி வைத்தார். நமக்கு அதற்கும் அவசியமில்லை. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி 0215 தட்டினால் × வரும். 0247 என்றால் ÷, 0177 என்றால் ±. வலப்பக்க எண்பலகையில் தட்ட வேண்டும், மேல்வரிசை எண்களில் வராது.

கழித்தல் குறியில் செய்யும் தவறு கண்ணுக்கே தெரியாது. விசைப்பலகையில் இருப்பது இணைப்புக்கோடு, குட்டையானது. வரி முடியும் இடத்தில் அது மாட்டினால் கோடு ஒரு வரியிலும் எண் அடுத்த வரியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வேர்டில் 2212 என்று தட்டி ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், சரியான − கிடைக்கும். 2264 தட்டினால் ≤. ஒரு எச்சரிக்கை: முன்னால் வேறு எண் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் படித்துவிட்டு வேர்ட் வேறு எதையாவது கொண்டுவரும். அப்போது இந்த நான்கு இலக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்த வேண்டும்.

பாகைக்குச் சுழியத்தை மேலே தூக்கி வைப்பது இன்னொரு பழக்கம். தாளில் அழகாக 90 பாகை மாதிரியே தெரியும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் 900! ஆல்ட்டை அழுத்தியபடி எண்பலகையில் 0176 போட்டால் ° வரும், எங்கே ஒட்டினாலும் மாறாது. அடுக்குக்குறிக்கும் இதே கதி. 10-இன் மும்மடி 103 ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, ஆங்கில 'பி' (p) எழுத்தை அடித்து அதற்கு சிம்பல் எழுத்துருவைப் போட்டு π ஆக்குவது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே நோய்தான் இதுவும். உள்ளே இருப்பது 'பி', மேலே போர்த்தியது π. எழுத்துரு மாறினால் சாயம் வெளுத்துவிடும்.

பின்னம், வர்க்கமூலம் என்று வந்துவிட்டால் குறிகளைத் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். வேர்ட் 2007 முதல் ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதற்குள் இணைப்புக்கோடே கழித்தல் குறியாகிவிடும், சாய்வுக்கோடு போட்டு இடைவெளி விட்டால் பின்னம் தானாக அமையும். சைன், காஸ் எழுதும்போது மட்டும் பின்னால் ஓர் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாறிகளின் பெருக்கல் போலச் சாய்ந்து நிற்கும். பழைய சமன்பாட்டு எடிட்டரில் செய்த கோப்புகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க: பாதுகாப்பு ஓட்டை காரணமாக மைக்ரோசாஃப்ட் அதை 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அந்தச் சமன்பாடுகளைப் பார்க்கலாம், அதே எடிட்டரைத் திறந்து திருத்த முடியாது.

தானியங்கித் திருத்தமும் சும்மா இருப்பதில்லை. 1/2 அடித்தால் ½ ஆக்கும், 3/5-ஐ அப்படியே விட்டுவிடும். ஒரே கேள்வியில் இரண்டு பாணி! அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'சி' போட்டால் © வரும். உடனே கன்ட்ரோல், இசட்.

அப்புறம், எக்செலுக்குப் போகும்போது இதெல்லாம் தலைகீழ். அங்கே − குறியோடு எண்ணை ஒட்டினால் அது எண்ணாக அல்ல, எழுத்தாகவே கிடக்கும், கூட்டலில் சேராது. அங்கே பழைய இணைப்புக்கோடுதான்.