பிக்கப் டிரக்கில் பிரேக் உதறுகிறதா? டிஸ்க்கைக் குறை சொல்லும் முன்

கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தார்ன் நோக்கி இறங்கும்போதுதான் எங்கள் முக்கால் டன் ரகப் பிக்கப் முதன்முதலாக உதறியது. பின்னால் கேம்பிங் டிரெய்லர், வண்டிக்குள் குழந்தைகள். பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டீயரிங் துடிக்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றிவிடலாம்" என்றார்கள் பட்டறையில். மாற்றினோம். ஐயாயிரம் மைல்கூட ஓடவில்லை, அதே உதறல் திரும்பி வந்தது.

டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, அப்பளம் மாதிரி நெளிந்துபோவது உண்மையில் அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: அதன் கனம் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்துவிடுகிறது. 0.025 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே போதும், கால் உணர்ந்துவிடும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை அது. ஏன் அப்படி ஆனது என்று பார்க்காமல் டிஸ்க்கை மட்டும் மாற்றுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்.

பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். பனிக்கு உப்பு தூவும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து வண்டி என்றால், போல்ட்டுகளைச் சுற்றித் துரு செதில் செதிலாக ஏறியிருக்கும். அதன்மேலேயே புது டிஸ்க்கைப் போட்டால், தாள் கனத்துச் செதில் ஒன்று டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும். முதல் நாள் எதுவும் தெரியாது, அதுதான் ஏமாற்றுகிறது. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் ஆடும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கைக் கவ்வும் கட்டை) உரசும். சில ஆயிரம் மைலில் அந்த இடம் தேய்ந்து, உதறல் தொடங்கும். எங்களுக்கு நடந்தது இதேதான். கம்பி பிரஷ், எமரி தாள், பத்து நிமிட வேலை. ஹப் பளிச்சென்று தெரியும்வரை விடாதீர்கள். டிஸ்க்கை மாட்டி நட்டுகளை இறுக்கிவிட்டு நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் வரம்போடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் வீல் நட்டு. ஃபோர்டு சூப்பர் டியூட்டி எஃப்-250க்கு ஒரு சக்கரத்தில் 8 நட்டு. ஒவ்வொன்றுக்கும் 165 பவுண்டு-அடி, அதாவது சுமார் 224 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். காற்று கன்னால் வரிசையாக இறுக்கினால் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் போய், டிஸ்க் ஒருபக்கமாக இழுபடும். எதிரெதிராக மாற்றி மாற்றி, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நூறு மைல் ஓட்டியபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

டிரெய்லர் பிரேக்கைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 8 டன் என்று வையுங்கள். 7 சதவீதச் சரிவில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் இறங்க, வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 137 கிலோவாட் சக்தியைக் கரைத்தாக வேண்டும். வீட்டில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் அறுபதுக்கு மேல் ஒன்றாக எரிவது போல. காற்றின் தடை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் டிரக்கின் டிஸ்க்குகள் மட்டும் தாங்கினால் என்ன ஆகும்? புறப்படும் முன், ஆள் இல்லாத இடத்தில் மெதுவாகப் போகும்போது, டிரக்கிலிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வயரைப் பாருங்கள். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். டீசல் வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) இருந்தால் போடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் மிகவும் கெடுதல்.

இறங்கி முடித்ததும் சிக்னலில் நின்று, கொதிக்கும் டிஸ்க்கின்மேல் பேடை அழுத்திப் பிடிக்காதீர்கள். பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் ஒட்டிவிடும். அங்கே சூடு மேலும் ஏறினால் இரும்பே சிமென்டைட் என்ற கடினமான வடிவத்துக்கு மாறும். நீலத் திட்டுகள் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். டிஸ்க்கின் மேற்பரப்பைக் கடைசல் பிடித்தாலும் அந்தக் கடினம் அடியில் இருந்துகொண்டே இருக்கும், உதறல் மறுபடி வரும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மாற்றுவதே சரி. மற்றபடி கடைசல் தப்பில்லை, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாதவரை.

பிரேக் தொடாமலே, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடினால் அது டிஸ்க் வேலையே இல்லை. முன் அச்சைப் பிடித்திருக்கும் புஷ், பால் ஜாயின்ட், டிராக் பார் போன்ற இணைப்புகளின் பக்கம் போங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால் காலிபரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். அதைக் கழற்றித் துடைத்துப் பிரேக்குக்கான கிரீஸ் பூசாமல் புது பேடு போடுவது காசைத் தண்ணீரில் போடுவது போல.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். பிறகு மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து வேகம் குறையுங்கள், முப்பது வினாடி ஆறவிடுங்கள். இப்படி சுமார் முப்பது தடவை. அதுவரை டிரெய்லரைக் கொக்கியில் மாட்ட வேண்டாம்.