சோற்றை நிறுத்தினால் மட்டும் போதாது: குறைமாவு, நிறைகொழுப்பு உணவைத் தொடங்கும் வழி

சோற்றை நிறுத்திய மூன்றாம் நாள் மாலை, அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி நான்கு வாழைக்காய் பஜ்ஜிகளைச் சாப்பிட்டு முடித்தேன். என் முதல் முயற்சி அத்தோடு சரி. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது என்ன தெரியுமா? காலையில் இரண்டு அவித்த முட்டை, அதிலும் மஞ்சள் கருவை எடுத்துவிட்டு. மதியம் வெள்ளரிக்காயும் கேரட்டும். இரவு எண்ணெய் காட்டாத காய்கறி சூப். இதற்குப் பெயர் உணவுமுறை இல்லை, விரதம்.

பேலியோ என்ற பெயரில் நம் ஊரில் பரவலான இந்த முறையில், தொடங்குகிற பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சோற்றை விடத் துணிந்துவிடுகிறோம், நெய்யை ஊற்றத் துணிவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு ஒன்று காட்டியது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு அது 1240 கலோரி, அதாவது 310 கிராம் மாவுச்சத்து. அதை 40 கிராமாகக் குறைத்தால் 1080 கலோரி அளவுக்குப் பள்ளம் விழுகிறது. நூறு கிராம் வெள்ளரிக்காயில் இருப்பது 15 கலோரி. பள்ளத்தை எத்தனை வெள்ளரிக்காய் கொண்டு நிரப்புவீர்கள்? உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கொஞ்சத்தைக் கொடுக்கும், மீதியைத் தட்டில் வைக்கும் கொழுப்புதான் கொடுத்தாக வேண்டும்.

முதல் படி: ரத்தப் பரிசோதனையும் மருந்துச் சீட்டும்

காலிஃபிளவர் வாங்கப் போவதற்கு முன் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவுகள், கிரியாட்டினின், யூரிக் அமிலம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இவை வேண்டும்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. இதைச் சடங்காகச் சொல்லவில்லை. இன்சுலின் போடுகிறவரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரும் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்துகொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்புண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் இன்னும் சிக்கலானவை. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அவற்றில் இருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக இறங்க வேண்டாம்.

இரண்டாம் படி: எதை விடுவது

தொடக்கத்துக்கு நாளொன்றுக்கு 50 கிராம் மாவுச்சத்தை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். சிலர் முதல் நாளே 20 கிராமுக்கு இறங்குகிறார்கள். புதியவர்களுக்கு அந்தக் கெடுபிடி தேவையில்லை என்பது என் எண்ணம்.

வேகவைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. ஓர் இட்லியில் ஏறக்குறைய 10 கிராம். அரிசி, கோதுமை, ரவை, மைதா, சேமியா, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழைப்பழம், மாம்பழம், சர்க்கரை எல்லாம் வெளியே. இதுவரை யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை சிறுதானியத்தில் தொடங்கும். கேழ்வரகு நல்லதுதானே, சாமை நல்லதுதானே என்பார்கள். நல்லவைதான், ஆனால் சமைக்காத அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் ஏறக்குறைய 70. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் இந்தக் கணக்கில் சர்க்கரையேதான். பருப்பில் புரதம் இருந்தாலும் மாவும் நிறைய இருப்பதால், சாம்பாரில் காயை எடுத்துக்கொண்டு பருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெருங்காயத்தூளில் மாவு கலந்திருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் கவலைப்பட்டார். ஒரு சிட்டிகைக்கெல்லாம் கணக்குப் பார்த்தால் வாழ முடியாது.

மூன்றாம் படி: எதைச் சேர்ப்பது

பயத்தை விட வேண்டிய படி இது. முட்டையை மஞ்சள் கருவோடு சாப்பிடுங்கள். கோழியைத் தோலோடு வாங்குங்கள். ஆட்டுக்கறிக் கடையில் நான் முதன்முறையாக, "கொழுப்பை எடுக்க வேண்டாம் அண்ணே, சேர்த்தே போடுங்கள்" என்றபோது, கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். மீனில் மத்தியைத் தேடுங்கள். விலை மலிவு, நல்ல கொழுப்பு, முள்தான் கொஞ்சம் அதிகம். அயிலையும் நல்லது.

சைவர்களுக்குப் பனீர், சீஸ், கெட்டித் தயிர், தேங்காய், பாதாம், கீரை என்று வழி இருக்கிறது, ஆனால் அசைவர்களைவிடச் செலவும் சலிப்பும் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முட்டை சாப்பிடுகிற சைவர் என்றால் பாதிச் சிரமம் தீர்ந்தது. முற்றிய தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. இத்தனை நாள் சட்னிக்கு மட்டும் பயன்பட்ட தேங்காய் இனி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் துணை.

பாதாமைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, காயவைத்து, நெய்யில் வறுத்து, காலையில் நூறு எண்ணி எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பேலியோ வட்டாரங்களில் இருக்கிறது. நூறு பாதாமில் ஏறக்குறைய 700 கலோரி. அதுவே காலை உணவு என்றால் சரி. சாப்பாட்டுக்கு மேல் கொறிப்பதென்றால் முப்பதோடு நிறுத்துங்கள்.

எண்ணெயில் செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய் போதும். நிறைகொழுப்பு என்பதைச் சாக்காக வைத்து வடைக்கடை எண்ணெயில் போய் விழ வேண்டாம்.

நான்காம் படி: ஒரு நாள் சாப்பாடு

காலையில் வெண்ணெயில் மூன்று முட்டை ஆம்லெட், நிறைய வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் போட்டு. இரவில் நெய்யில் பொரித்த பனீரோ மாவு தடவாத மீன் வறுவலோ, கூடவே ஏதாவது ஒரு கீரை. இவை இரண்டும் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். மதியம்தான் சோதனை. குழம்பு இருக்கிறது, பொரியல் இருக்கிறது, நடுவில் சோறு இருந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது. அங்கேதான் காலிஃபிளவர் வருகிறது. பலர் இதை ஒருமுறை செய்து, சளசளவென்று குழைந்துபோய், வெறுத்து விட்டுவிடுகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நடுத்தரப் பூ ஒன்றை எடுத்துப் பெரிய துண்டுகளாக்கி, மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுப் புழு போக எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் உள்ளே வெந்துவிடும். எடுத்தவற்றைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் உலரவிடுங்கள். இந்த அரை மணி நேரத்தைச் சோம்பலில் விட்டுவிட்டால் பின்னால் எதுவும் கைகொடுக்காது. பிறகு கேரட் துருவியில் துருவுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் கூழாகும். அவசரமென்றால் விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும். அகலமான வாணலியில் இரண்டு கரண்டி நெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, துருவலைப் போட்டு, பெரிய தீயில் மூடாமல் நான்கு நிமிடம் கிளறுங்கள். மூடினால் ஆவி தண்ணீராக மாறும். உப்பை இறக்குவதற்குச் சற்று முன்பு போடுங்கள். முன்னாலேயே போட்டால் உப்பு நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். துருவல் உதிரியாக, லேசாகக் கடிபடுகிற பதத்தில் இருக்கும்போது இறக்கிவிட வேண்டும்.

இது சோறு மாதிரி இருக்குமா என்றால், இருக்காது. ஆனால் தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பை ஏந்திக்கொள்ளும். 100 கிராமில் மாவுச்சத்து 5 கிராம், அதிலும் 2 கிராம் நார். குழம்பை மட்டும் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீராக ஓடும் ரசத்துக்கும் காலிஃபிளவருக்கும் பொருத்தமே இல்லை. ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவது உத்தமம்.

ஐந்தாம் படி: முதல் வாரமும் உப்பும்

இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை வரலாம். என்னை நள்ளிரவில் எழுப்பிக் கட்டிலைச் சுற்றி நொண்ட வைத்தது அந்தப் பிடிப்பு. மாவு குறைந்ததும் இன்சுலின் இறங்குகிறது. அது இறங்கினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்காமல் வெளியே விடுகிறது, உப்போடு நீரும் போகிறது. கூடவே கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து தீரும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து வெளியேறும்.

தீர்வு எளிது. ஆட்டுக்கால் சூப்பையோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றையோ நாளுக்கு இரண்டு முறை குடியுங்கள். கூடுதலாக அரை டீஸ்பூன் உப்பு போதும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான தொல்லை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் கீரையையும் தண்ணீரையும் கூட்டுங்கள்.

முதல் வாரத்தில் எடைக்கருவி இரண்டு மூன்று கிலோ குறைத்துக் காட்டினால் ஊரைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பெரும்பகுதி தண்ணீர். இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த உணவுமுறைக்கு மாறிய பின் வந்த முதல் பொங்கலன்று இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கலும் ஒரு வடையும் சாப்பிட்டேன். மறுநாள் காலை எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அதுவும் தண்ணீர்தான். ஆனால் "எல்லாம் போயிற்று" என்று மனம் வெறுத்து, காணும் பொங்கல் வரை கரும்பும் இனிப்புமாக ஓட்டிவிட்டேன். கெடுத்தது அந்த இரண்டு கரண்டிப் பொங்கல் இல்லை, எடைக்கருவிதான். வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள்.

ஆறாம் படி: வீடும் விருந்தும்

சித்தி வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தபோது, "ஒரு பிடி சோறுகூடவா ஆகாது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்த விஞ்ஞானத்திலும் பதில் இல்லை. விளக்கம் சொல்லத் தொடங்கினால் தோற்றுப்போவீர்கள். "சித்தி, அந்த அவியலை இன்னும் கொஞ்சம் வையுங்கள்" என்று கேளுங்கள். வேண்டாம் என்பதை விட இன்னும் வேண்டும் என்பது விருந்தோம்புகிறவர்களுக்குப் பிடிக்கும். கல்யாணப் பந்தியில் கூட்டு, பொரியல், அவியல், மோர் என்று பாதி இலை நமக்கு உதவும். ஓட்டலில் மாவு தடவாத கிரில் கோழி, முட்டைப் பொரியல். சிக்கன் 65 வேண்டாம், அதன் மேல் சோளமாவு இருக்கும்.

வீட்டில் தனிச் சமையல் வைக்காதீர்கள். சமைப்பவர் அம்மாவாகவோ மனைவியாகவோ இருந்தால், உங்கள் உணவுமுறையின் ஆயுள் அவர்களுடைய பொறுமையின் அளவுதான். குழம்பும் பொரியலும் எல்லோருக்கும் ஒன்றே. உங்கள் காலிஃபிளவரை நீங்களே துருவுங்கள்.

ஏழாம் படி: மூன்றாம் மாதம்

பழைய பரிசோதனைகளைத் திரும்ப எடுங்கள். பலருக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் இறங்கும். சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஏறும், அதுவும் நன்றாகவே ஏறும். "இந்த உணவில் அது பரவாயில்லை" என்று இணையத்தில் சொல்வார்கள். நம்பாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து, நல்லெண்ணெய், பாதாம், மத்தி மீன் பக்கம் நகர்ந்தால் பலருக்கு அது இறங்கும்.

இதில் மந்திரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். மாவைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை. ஆகவே இது உங்களுக்குப் பசியில்லாமல், எரிச்சலில்லாமல் ஓடினால் தொடருங்கள். ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்றால், உங்களுக்கு ஏற்ற வழி வேறு.

எனக்கு ஓடியது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வாரத்துக்கு 10 கிராம் வீதம் மாவுச்சத்தைக் கூட்டிப் பார்த்து, எந்த அளவில் இடுப்புச் சுற்று ஏறத் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தேன். என் கணக்கு நாளுக்கு 80 கிராம் அளவில் நின்றது. உங்களுக்கு வேறாக இருக்கும். அந்த 80க்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தோசைக்கு இடம் இருக்கிறது. தொட்டுக்கொள்ள முந்தைய நாள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு, கொழுப்பு எடுக்காதது.