டாக்ஸ் தளம்: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

டாக்ஸ் தளத்துக்கு, அதாவது ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் ஆவணத் தளத்துக்கு, வருபவர் பெரும்பாலும் முகப்புப் பக்கம் வழியாக வருவதில்லை. டெர்மினலில் வந்த எரர் வரியை அப்படியே தேடலில் ஒட்டி, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் வந்து இறங்குகிறார். அந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்கானது என்று மேலேயே எழுதவில்லையென்றால் சிக்கல்தான். பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கு எழுதிய பழைய பக்கத்திலிருந்து அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் வரியை எடுத்து, பைத்தான் 3-இல் ஓட்டி, சின்டாக்ஸ் எரர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். பழைய பக்கத்தை அழிக்க வேண்டாம். 'இது பழைய பதிப்பு, புதியது இங்கே' என்று ஒரு பட்டையாவது போடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு ஓட்டிப் பார்க்காத எடுத்துக்காட்டுகள்தான். எங்கள் டீமில் ஒரு ஃபங்ஷனின் பாராமீட்டர் பெயரை மாற்றினோம். நிரல் கோடு, டெஸ்ட் எல்லாம் மாறின. டாக்ஸில் இருந்த ஐந்து வரி மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதை வைத்துக்கொண்டு அரை நாள் போராடினார். தப்பு தன்னுடையது என்றே கடைசிவரை நினைத்திருக்கிறார். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதைத் தடுக்க வழி எப்போதோ வந்துவிட்டது: பைத்தானில் 2001-இல் வெளியான 2.1 பதிப்பிலேயே, டாக்ஸில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் உண்டு. ரஸ்ட் மொழியில் டாக் கமென்டுக்குள் (நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்புக்குள்) எழுதும் எடுத்துக்காட்டுகளைக் கார்கோ டெஸ்ட் கட்டளை தானாகவே ஓட்டிப் பார்க்கும். இவற்றை சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) சேர்த்துவிட்டால், எடுத்துக்காட்டு உடைந்த அன்றே தெரிந்துவிடும்.

ஷெல் கட்டளைக்கு முன்னால் டாலர் குறி போடுவதும் இப்படித்தான். காப்பி பொத்தான் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், ஒட்டியதும் பாஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். சின்ன விஷயம், ஆனால் புதிதாகக் கற்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அப்புறம், டாக்ஸ் தளத்தை உருவாக்கும் கருவியை மாற்றும்போது முகவரிகளை உடைப்பது. ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியில் வழக்கமாகப் பக்க முகவரி 'டாட் எச்டிஎம்எல்' என்று முடியும். டாக்குசாரஸ் என்ற கருவியில் அந்த வால் இருக்காது. மாறிய அன்றே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்களிலும் கிட்ஹப் இஷ்யூக்களிலும் உள்ள பழைய இணைப்புகள் எல்லாம் 404 ('பக்கம் இல்லை') ஆகிவிடும். பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (புதிய முகவரிக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு) வைத்த பிறகு மாறுங்கள். தளத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளைச் சோதிக்க ஸ்ஃபிங்க்ஸிலேயே லிங்க்செக் இருக்கிறது.

கற்றுக்கொடுக்கும் பாடத்தையும் தேடிப் பார்க்கும் ரெஃபரன்ஸையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் டாக்ஸ் இவற்றைத் தனித்தனியாக வைத்திருப்பதைப் பாருங்கள்.

பராமரிப்பை 'ரிலீஸுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளினால் அந்த அப்புறம் வரவே வராது. நிரல் கோடு இருக்கும் ரெப்போவிலேயே (அதைச் சேமித்து வைக்கும் இடத்திலேயே) டாக்ஸையும் வையுங்கள். பயனர் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவானாலும், டாக்ஸ் திருத்தம் இல்லாத புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இந்தப் பக்கத்தைத் திருத்து' என்ற இணைப்பு இருக்கட்டும். பிழையைக் கண்டவர் அங்கேயே சரிசெய்து அனுப்பிவிடுவார்.