பனை உச்சியில் ஒரு சாட்சி: த்ரில்லர் குறும்படத்தின் முதல் காட்சியை எழுதுவது எப்படி?

என் முதல் குறும்படத்தின் தொடக்கத்தில் மழை இருந்தது, ரத்தம் இருந்தது, முகமூடி போட்ட ஆள் இருந்தான், உடைமரக் காட்டுக்குள் ஒரு ஓட்டமும் இருந்தது. வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிஷம் சித்தி கேட்டாள்: "ஏல, யாரு யார வெரட்டுதான்? மொதல்ல அதச் சொல்லு."

எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் மர்மம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தது வெறும் குழப்பம். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எதை மறைப்பது என்று யோசிக்கிற அளவுக்கு எதைச் சொல்லிவிடுவது என்று யோசிப்பதில்லை.

திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டில் மூன்று நிமிஷக் காட்சி ஒன்றை வைத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: யாருக்கு என்ன தெரியும்?

த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஒரு விளக்கம் வரும். மேஜைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் பதினைந்து நிமிஷப் பதைப்பு, அதாவது சஸ்பென்ஸ்.

மர்மம் இதற்கு நேர் எதிர். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. சிவாஜி விழுகிறார். யார் சுட்டது? அது நமக்குத் தெரியாது, அந்த ஒரு கேள்வியிலேயே படம் ஓடுகிறது. பாட்டே இல்லாத படம், நினைவிருக்கட்டும்.

பதைப்புக்குச் சொல்ல வேண்டும், மர்மத்துக்கு மறைக்க வேண்டும். முதல் காட்சியில் இரண்டும் ஒவ்வொன்று இருந்தால் போதும். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன தெரியும் என்று எழுதுங்கள். நம் பார்வையாளரும் ஒரு பாத்திரம்தான், அவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

நம் காட்சியில் மூன்று பேர். பனை உச்சியில் அப்பா. கீழே விடிலியில் (பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை) கருப்பட்டி காய்ச்சும் மகள். வெளியூர் ஆள் ஒருவன். அவன் தேரி மணலில் (இந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு) எதையோ புதைப்பதை அப்பா மேலேயிருந்து பார்க்கிறார், அவரோடு நாமும் பார்க்கிறோம். மகளுக்குத் தெரியாது. மேலே ஒரு ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. புதைத்தது என்ன என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

பார்த்தீர்களா, இன்னும் கேமராவையே தொடவில்லை. காட்சி பாதி முடிந்துவிட்டது.

படி 2: முதலில் வேலை நடக்கட்டும்

முதல் நாற்பது விநாடி எதுவும் நடக்கக் கூடாது. பனையேறி பாளையைச் சீவுகிறார். கலயத்தில் இறங்கியிருக்கும் பதனியை ஊற்றிக்கொள்கிறார். கலயத்துக்குள் பூசிய சுண்ணாம்பு அவர் விரலில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது (பதனி புளித்துக் கள்ளாகிவிடாமல் தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான்). கீழே அடுப்பில் பதனி கொதிக்கிறது. இதை அவசரப்படாமல் எடுங்கள். இந்த இரண்டு பேரும் நமக்கு வேண்டியவர்கள் ஆகாவிட்டால் அப்புறம் வருகிற ஆபத்து யாரையும் தொடாது. என் சித்தி கேட்டதும் இதைத்தான், வேறு வார்த்தையில்.

இந்த நாற்பது விநாடிக்குள் இன்னொன்றையும் காட்டிவிடுங்கள்: மரத்தடியில் சாய்த்து வைத்த முருக்குத்தடி. பனையேறி அதில் கால் வைத்துத்தான் ஏறத் தொடங்குவார். அதை அழுத்திக் காட்டாமல், மகள் நடந்து போகும்போது பின்னால் தெரிகிற மாதிரி வையுங்கள். கடைசியில் வேலை இருக்கிறது.

படி 3: ஒரே ஒரு பிசகு

மேலேயிருந்து பார்த்தால் உடைமரங்களுக்கு நடுவே ஒரு தலை தெரிகிறது. முகம் தெரியாது. அவன் கையாலேயே மணலைத் தோண்டுகிறான், துணியில் சுற்றிய எதையோ போடுகிறான், மூடுகிறான். மேலே ஒரு காய்ந்த ஓலையை இழுத்துப் போடுகிறான். அவ்வளவுதான். ரத்தக் கறை வேண்டாம், கத்தி வேண்டாம். துணிக்குள் இருப்பதை நீங்கள் காட்டிவிட்டால் படம் சின்னதாகிவிடும்.

இந்த ஷாட்டுக்காகப் பனையில் ஏறாதீர்கள், தயவுசெய்து. மொட்டை மாடியிலிருந்து எடுத்து, ஓரத்தில் ஓலையைப் பிடித்தால் போதும். கூடங்குளம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் டிரோன் ஆசையும் வேண்டாம்.

படி 4: பேச்சில் ஒரு பொய்

இப்போது அவன் விடிலிக்கு வருகிறான். மரியாதையான ஆளாக இருக்கட்டும், மிரட்டுகிற வில்லனைவிட அதுதான் வயிற்றைக் கலக்கும்.

"பதனி கிடைக்குமாம்மா?"

"இருங்க அண்ணாச்சி, வடிகட்டித் தாரேன். எப்ப வந்திய?"

"இப்பந்தான். வண்டி ரோட்டுல நிக்கு."

அவன் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்பது நமக்குத் தெரியும். எந்தப் பின்னணி இசையும் செய்யாததை இந்த ஒரு பொய் செய்துவிடும். மகள் ஓலைப் பட்டையில் பதனி ஊற்றிக் கொடுக்கிறாள். அவன் இரண்டு கையாலும் வாங்குகிறான். இங்கே ஒரு குளோசப்: நகக்கண்ணில் சிவப்பு மணல். அவள் அதைப் பார்த்தாளா இல்லையா என்பதை நடிகையிடம் விட்டுவிடுங்கள்.

நடுநடுவே மேலே போய் வாருங்கள். அப்பா ஏன் கத்தவில்லை? கத்தினால், பார்த்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். ஏன் இறங்கவில்லை? நெஞ்சு மரத்தில் உரசும் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். இந்த இரண்டு கேள்விக்கும் நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தியேட்டரில் எவனாவது, "கூப்பிட வேண்டியதுதானல" என்பான்.

படி 5: சத்தம்

ஆனி மாதத்தில் போனால் காற்று உங்கள் மைக்கைச் சும்மா விடாது. ஓலை உரசும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். மேலே காட்டும்போது காற்று மட்டும், கீழே காட்டும்போது அடுப்பு மட்டும். இசை வேண்டாம்.

படி 6: எங்கே வெட்டுவது?

குடித்து முடித்துப் பட்டையைக் கீழே போடுகிறான். காசு எடுக்கச் சட்டைப்பைக்குள் கை போகிறது. அப்போது அவன் கண் முருக்குத்தடியில் நிற்கிறது. மெதுவாகத் தலையைத் தூக்குகிறான்.

வெட்டு. டைட்டில்.

அவன் மேலே பார்த்து என்ன கண்டான் என்று காட்டக் கை துறுதுறுக்கும். காட்டாதீர்கள். நான் எழுதிய முதல் வடிவத்தில் அப்பா கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த காட்சியில் செய்ய எதுவும் மிஞ்சவில்லை.

ஒரு விஷயம், எடுக்கப் போகிறவர்களுக்கு. பதனி சீசன் ஆடியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஆகவே சித்திரை, வைகாசியிலேயே விளைக்காரரிடம், அதாவது பனந்தோப்புக்காரரிடம், பேசி வையுங்கள். விடியற்காலையில் போய்விடுங்கள். பாகு பதம் பார்க்கிற நேரத்தில் மட்டும் அடுப்புக்குக் குறுக்கே டிரைபாட் போடாதீர்கள், ஒரு நாள் உழைப்பு அந்தச் சட்டிக்குள் கிடக்கிறது.