மெட்ராசுக்கு ஃபிளைட்டில் எம்புட்டு நேரம்?

மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, மெட்ராசுக்கு ஃபிளைட்டுல எம்புட்டு நேரம்?" என்று கேட்டுக்கொண்டுதான் பாதிப் பேர் படியேறுவார்கள். கம்ப்யூட்டரைத் தட்டினால் ஒரு நேரம் வந்துவிடும். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் வீட்டை விட்டு எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யலாம்.

முதலில் தூரம். மொபைல் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. மதுரைக்கு 9.83, 78.09. சென்னைக்கு 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசம் 3.16, ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் வடக்கே 351. தீர்க்கரேகை வித்தியாசம் 2.08, இதை நம் பக்கத்துக்கு 109-ஆல் பெருக்க வேண்டும், கிழக்கே 227. துருவத்தை நோக்கிப் போகப் போக இந்தக் கோடுகள் நெருங்குவதால்தான் 111 இல்லை. அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் பார்த்தால் 418 வரும். ரோட்டில் போனால் 460-ஐ ஒட்டி ஆகும்.

அடுத்தது வேகம். டிக்கெட் போடும்போதே எந்த விமானம் என்று பாருங்கள். இறக்கையில் காத்தாடி சுற்றும் ஏடிஆர் என்றால் மணிக்கு 500 கிலோமீட்டர். ஏர்பஸ் என்றால் 800-க்கு மேல். கணக்குப்படி ஏடிஆருக்கு 50 நிமிடம், ஏர்பஸுக்கு அரை மணி. ஆனால் ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, சென்னையில் வரிசைக்குக் காத்திருந்து இறங்குவது எல்லாம் இருக்கிறதே. எதுவானாலும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அட்டவணையில் போட்டிருப்பதும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும்.

தூரம் மட்டும் காட்டும் இணையப் பக்கங்களை நம்பிவிடாதீர்கள். மதுரைக்கும் திருச்சிக்கும் 123 கிலோமீட்டர், இத்தனை நிமிடப் பயணம் என்று அழகாகப் போட்டிருப்பான். நேர் விமானம் எங்கே இருக்கிறது? சென்னை போய்த் திரும்பி வரச் சொல்லும். பேசாமல் பஸ் ஏறுங்கள்.

சரி, வீட்டுக் கணக்கு. திருமங்கலத்திலிருந்து கப்பலூர், ரிங் ரோடு, மண்டேலா நகர் வழியாகப் போக முக்கால் மணி வையுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக 1 மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். ஒன்றரை மணி முன்பு நிற்பது நல்லது. ஏடிஆரில் 1 மணி 20 நிமிடம். பெட்டி வர அரை மணி. பாரிமுனைக்கு மெட்ரோவில் போனால், ஸ்டேஷனுக்கு நடப்பதையும் சேர்த்து இன்னொரு 1 மணி. மொத்தம் ஏறக்குறைய 5 மணி நேரம். வைகை எக்ஸ்பிரஸ் 7 மணி நேரத்தை ஒட்டி எழும்பூரில் விட்டுவிடும். மிச்சமாகும் நேரத்துக்கு அந்தக் காசு கொடுக்கலாமா என்பது உங்கள் பாடு. கைக்குழந்தை, சாமான் எல்லாம் இருந்தால் நான் ரயிலைத்தான் சொல்வேன். வேலை மீனம்பாக்கம், தாம்பரம் பக்கம் என்றால் விமானம் சரி.

தைப்பொங்கலன்று போகிறவர்கள் மட்டும் கவனம். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. மதுரைக்குள்ளிருந்து வருகிறவர்கள் அந்த வழியை மறந்துவிட்டு ரிங் ரோட்டைப் பிடியுங்கள், கூட ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு.