கருங்காக்கட்டூக்களைப் பார்க்கப் போகும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டிய காடுகளுக்கு, கொண்டையுள்ள பெரிய கிளி வகையான கருங்காக்கட்டூக்களைப் பார்க்கக் கிளம்பும் குழுக்கள் செய்யும் முதல் தவறு, பகல் முழுவதும் அவற்றைத் துரத்திக்கொண்டு வண்டியில் அலைவதாகும். இப்பறவைகள் பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமான மரங்களில் வந்து அடையும் என்பதால், அத்தகைய இடம் ஒன்றுக்குச் சூரியன் மறையுமுன்பே போய், சற்றுத் தள்ளி அமைதியாக அமர்ந்திருப்பதே பலன் தரும்.

பருவத்தைப் பாராமல் நாள் குறிப்பது அடுத்த பிழை. இவற்றில் ஓர் இனமான கார்னபி கருங்காக்கட்டூக்களில் பெரும்பகுதி ஜூலை முதல் டிசம்பர் வரை உள்நாட்டுக் கோதுமை வட்டாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அதன் பின்னரே கடற்கரைப் பக்கம் திரும்புகின்றன. அதற்காகக் கூட்டைத் தேடிக்கொண்டு அங்கே போவது இன்னும் மோசம். இவை கூடாகக் கொள்ளும் மரப்பொந்து உருவாக மரத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயதாக வேண்டும். அந்த இடம் படத்துடன் வெளியே தெரிந்துவிட்டால், குஞ்சு திருடுவோருக்கு வேறு வழிகாட்டி தேவையில்லை.

அடையாளம் காண்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். வெள்ளை வால் தெரிந்தவுடன் ‘கார்னபி’ என்று எழுதிவிடக் கூடாது. பாடின் கருங்காக்கட்டூவுக்கும் வால் அப்படித்தான் இருக்கும். அலகை வைத்துப் பறவை ஆய்வாளர் ஐவன் கார்னபி இவ்விரண்டையும் முறைப்படி பிரித்துக் காட்டியதே 1948இல்தான். பாடினின் மேலலகு மெலிந்து நீண்டிருக்கும் என்றாலும் அது பக்கவாட்டில்தான் புலப்படும். நேர் முன்னாலிருந்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது. மரத்தடியையும் பார்க்க வேண்டும். மர்ரி மரத்தின் கெட்டியான காய் அதிகம் சிதையாமல், விளிம்பில் மட்டும் சிறு அலகுத் தடங்களோடு விதை உருவப்பட்டுக் கிடந்தால், அது பெரும்பாலும் பாடினின் வேலை. செவ்வால் கருங்காக்கட்டூ இனமோ காயின் மேலோட்டையே கடித்துக் குதறிவிடும். எதுவும் உறுதிப்படாதபோது ‘வெள்ளைவால்’ என்று மட்டும் குறிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

எண்ணும்போது ஒவ்வொருவரும் எல்லாத் திசையையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கூட்டிப் போட்டால், அடையுமுன் மரம் விட்டு மரம் மாறும் பறவைகள் இருமுறை கணக்கில் ஏறிவிடும். ஆளுக்கொரு திசையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பலரும் நினைத்தே பார்க்காத தவறு காலணியில் ஒட்டிய சேறு. பைட்டோஃப்தோரா என்னும் மண்வழி நோய்க்கிருமி, கார்னபியின் முக்கிய உணவு மரமான பாங்க்சியாவை வேர் அழுகச் செய்து கொல்கிறது. அது மனிதர் காலோடும் பயணம் செய்வதால், மழை ஈரம் உள்ள நாட்களில் பாதையை விட்டு இறங்காமல், ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போகுமுன் காலணியின் அடிப்பகுதியைப் பிரஷ்ஷால் நன்கு தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.