அப்பாவுக்குப் பேச்சு திரும்பிய விதம்

பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு வலது கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. எதைக் கேட்டாலும் "அது... அது..." தான். புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் நிதானமாகச் சோதித்தார். "கண்ணை மூடுங்க" என்றதும் மூடினார். சாவியைக் காட்டினால் பூட்டைத் திறப்பதுபோல் கையைத் திருப்பினார். பெயர் மட்டும் வாயில் வரவில்லை. ஆக, புரிகிறது, சொல்ல முடியவில்லை. புரோக்கா அஃபேசியா (ஒருவகைப் பேச்சிழப்பு) என்றார். பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-இல் விவரித்தது. பெரும்பாலும் மூளையின் இடது முன்பகுதி பாதிப்பால் வருவது.

பயிற்சி இப்படித்தான்: "காபி வேணும்" என்பதை ராகமாக இழுத்துப் பாடுவோம். ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்டுவேன். முதலில் சேர்ந்து, அப்புறம் பாதியில் நான் நிறுத்த, மீதியை அவர் முடிப்பார். போகப் போக ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் உருவான முறை இது, எல்லாருக்கும் பலிக்காது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வார்த்தை சிக்கும்போது முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். (அம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை, முழுசாகச் சொல்லிவிடுவார்.) பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.

இப்போது சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார். போனில் இன்னும் தகராறு. முகம் தெரிவதால் வீடியோ கால் பரவாயில்லை.